முற்றத்து விமானம்

கனகசிங்கம் காலை ஐந்து மணிக்கு ஆசனத்தில் அமர்ந்தார். இரவு ஒன்பது மணிவரை எழும்புவதில்லை என்று சொல்லியிருந்தார்.

ஆசனம் அவருடைய வீட்டு முற்றத்தில் இருந்தது. வாடகைக்கு வான் ஓட்டும் பதியுதீனின் பழைய வண்டியிலிருந்து கழற்றியது. மூன்று பேர் அமரும் வரிசை ஒன்று. அதற்கு முன்னால் அதேபோல இன்னொன்று. இரண்டையும் நீளப் பலகைகளில் வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். வீட்டுச் சுவர்தான் விமானத்தின் சுவர். ஆசனங்களுக்கு இடையிலான தூரத்தை மைத்துனர் விஜிதரன் அளவு நாடாவால் அளந்து வைத்தார். முப்பத்தொரு அங்குலம். விமானத்தில் அவ்வளவுதான் இருக்கும் என்று அவருடைய போன் சொன்னது.

கனகசிங்கம் சுவரோரம் அமர்ந்து இடது காலை முன் ஆசனத்தின் அடியில் செலுத்தினார். அந்தக் கால் எப்போதும் நீட்டியபடிதான் இருக்கும். தொண்ணூறாம் ஆண்டு பட்ட காயத்துக்குப் பிறகு முழங்கால் மடங்கவில்லை. அந்தக் காலோடு உழுதார், விதைத்தார், யானைக் காவலுக்குப் பரணில் ஏறினார். பழுகாமத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது பேச வேண்டி வந்தது.

மகள் சுலோஜனா மெல்பேர்னில் இருந்தாள். படிக்கப் போனவள். படிப்பு முடிந்து முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். தை மாதம் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை சிவதர்ஷன் சித்தாண்டிப் பொடியன். படகில் போனவன். அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் அவனைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஆகவே கலியாணம் அங்கேதான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க இங்கிருந்து ஆள் போக வேண்டும்.

அவர்கள் இருவராலும் இரண்டு டிக்கெட்தான் எடுக்க முடியும். ஒன்று தாய் இலட்சுமிப்பிள்ளைக்கு. மற்றது தகப்பனுக்கு. தகப்பனால் முடியாவிட்டால் தாய்மாமன் விஜிதரனுக்கு. விசா மூவருக்கும் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்ததும் டிக்கெட் போடுவதாகச் சுலோஜனா சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை.

போன வருடம் கனகசிங்கத்தின் கால் வீங்கியது. ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். விசா வந்த பிறகு அவர் தனியே போய் டொக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“போகலாமாம்,” என்றார் வீட்டில்.

இலட்சுமிப்பிள்ளை நம்பினார். விஜிதரன் நம்பவில்லை.

“அத்தான், கொழும்புக்குப் போய் வந்தாலே ரெண்டு நாளைக்கு அனுங்குறீங்க. பஸ் எண்டா ஹபரணையில ஒருக்கா, தம்புள்ளயில ஒருக்கா நிப்பாட்டுவான். ஆகாயத்தில எங்க நிப்பாட்டுவான்?”

“நான் நிப்பாட்டச் சொல்லல்ல.”

“இது பதினாறு மணித்தியாலம்.”

சுலோஜனா விமானத்தின் நேரத்தை அனுப்பியிருந்தாள். கட்டுநாயக்காவில் இரவு பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பும். மறுநாள் பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு மெல்பேர்ன். விஜிதரன் விரல் மடக்கி எண்ணினார். பதினாறு. இலட்சுமிப்பிள்ளையும் எண்ணிப் பார்த்தார். பதினாறு. தூரம் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் என்றது போன். பழுகாமத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு முந்நூற்றுச் சொச்சம்தான். அதற்கே ரோட்டில் ஏழு மணித்தியாலம் போகும். அதோடு பார்த்தால் பதினாறு பெரிதில்லை என்றார் கனகசிங்கம்.

“எழும்பாமக் குந்துவீங்களா?”

“குந்துவன்.”

“குந்திக் காட்டுங்க பாப்பம்.”

“எங்க?”

“இஞ்சதான். முத்தத்தில. ஒன்பது மணி வரைக்கும் குந்தினீங்கெண்டா நான் மறுகா ஒரு கதை கதைக்க மாட்டன். நடுவில எழும்பினீங்க, டிக்கெட் என்ட பேரில.”

“சரி,” என்றார் கனகசிங்கம்.

ஏழு மணிக்கு இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்தார்.

“வேணாம்.”

“விமானத்திலயும் குடுப்பாங்களாம்.”

“குடுத்தாலும் வேணாம். குடிச்சா எழும்ப வரும்.”

“நேத்துப் பின்னேரம் தொடக்கம் ஒண்டும் குடிக்கல்ல நீங்க.”

“தெரியும்.”

தேத்தண்ணியை விஜிதரன் குடித்தார். அவர் எதிரே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். களுவாஞ்சிகுடியில் சைக்கிள் சாமான் கடை அவருக்கு. தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும் என்று அன்று கடையைப் பூட்டியிருந்தார்.

“பெல்ட்டைப் போடுங்க அத்தான். குலுங்குது.”

கனகசிங்கம் வேலியைப் பார்த்தபடி இருந்தார். எட்டு மணிவரை உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடுப்பு பேசத் தொடங்கியது. பிறகு குதிகால். மடங்கும் காலை அசைக்கலாம். மற்றதை அசைக்க இடமில்லை. அதை ஆசனத்தின் அடியில் கிடக்கும் ஒரு தடியாக நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது உண்மையாகவே தடிபோல ஆகிவிட்டது. அது நல்லதென்று நினைத்தார். தடிக்கு நோவில்லை.

பத்து மணியளவில் பதியுதீன் வந்தார். காத்தான்குடிக்காரர். பட்டிருப்புப் பாலத்தால் இந்தப் பக்கம் ஆள் ஏற்றி வந்த ஒரு ஹயர். இறக்கிவிட்டுத் தன் ஆசனங்களைப் பார்க்க வந்திருந்தார்.

“இப்ப எங்க பறக்குறீங்க அண்ணன்?”

“கடலுக்கு மேல,” என்றார் விஜிதரன்.

“அப்ப கீழ பாக்காதீங்க.” பதியுதீன் ஆசனங்களைச் சுற்றி வந்தார். “இருவது வருஷமா கட்டுநாயக்காவுக்கு ஆள் ஏத்துறன். கட்டாருக்குப் போறாக்கள், குவைத்துக்குப் போறாக்கள். அழுதழுது வந்தாக்கள் இரிக்கி. வழி முழுக்கச் சத்தி எடுத்தாக்கள் இரிக்கி. முத்தத்தில பழகிற்று வந்த ஆளை நான் இன்னம் காணல்ல.”

“அவங்கட கால் மடங்கும்,” என்றார் கனகசிங்கம்.

பதியுதீன் குனிந்து ஒரு போல்ட்டைப் பிடித்து ஆட்டினார். அது தளர்ந்திருந்தது. வானிலிருந்து ஸ்பானர் கொண்டுவந்து இறுக்கினார். பிறகு லுஹர் தொழுகைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மதியம் சோறும் மீன் குழம்பும் வந்தன. கனகசிங்கம் மடியில் தட்டை வைத்துக் கொஞ்சம் உண்டார். வெயில் முற்றத்தைத் தாண்டி ஆசனத்துக்கு வந்தது. இலட்சுமிப்பிள்ளை கணவன் உடுத்தும் சாரம் ஒன்றை நிழலுக்கு மேலே கட்டினார். விஜிதரன் கதிரையை நிழலுக்கு இழுத்தார். அவரும் நான்கு தடவை எழும்பிப் போய் வந்துவிட்டார். அதைச் சொல்லிக் காட்ட கனகசிங்கத்துக்கு ஆசை வந்தது. சொல்லவில்லை. வாய் காய்ந்திருந்தது.

மூன்றரை மணிக்குச் சுலோஜனா போன் எடுத்தாள். சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு எடுப்பாள். இலட்சுமிப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்தார்.

“அப்பா எங்க?”

“விமானத்தில,” என்றார் விஜிதரன் பின்னாலிருந்து.

இலட்சுமிப்பிள்ளை போனைத் திருப்பினார். சுலோஜனா ஆசனங்களைக் கண்டாள். தகப்பனைக் கண்டாள். சிரித்தாள்.

“இது என்ன கூத்து?”

விஜிதரன் விளக்கினார். அவள் சிரித்தபடி கேட்டாள்.

“எத்தன மணிக்கு ஏறின நீங்கப்பா?”

“ஐஞ்சுக்கு.”

“விடிய ஐஞ்சா? அப்ப வந்து சேந்திற்றீங்க. இறங்குங்க.”

“இன்னம் ஒன்பது ஆகல்லியே,” என்றார் விஜிதரன்.

“மாமா, பத்தரை மணித்தியாலம்தான்.”

“பதினாறு. நான் எண்ணினன்.”

“அங்க மூணரை. எனக்கு இப்ப எத்தன மணி?”

இலட்சுமிப்பிள்ளை திரையில் மகளுக்குப் பின்னால் இருந்த யன்னலைப் பார்த்தார். இருட்டாக இருந்தது.

“ஒன்பது,” என்றார் மெதுவாக.

“அஞ்சரை மணித்தியாலம் இஞ்ச முந்தி ஓடுது. அதைக் கழிக்கணும்.”

விஜிதரன் மறுபடியும் விரல் மடக்கினார். “ஓம்,” என்றார். “கிழமைக்குக் கிழமை ‘இன்னம் படுக்கல்லியா புள்ள’ எண்டு கேக்கிறம். எங்களுக்கு மண்டையில ஓடல்ல.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப திரும்பி வரக்குள்ள அஞ்சு மணித்தியாலம் எண்டு காட்டுமா?”

“காட்டும்.”

“நான் பள்ளத்தில வாற எண்டு நினைச்சிருப்பன்.”

இலட்சுமிப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார். விஜிதரன் கதிரையிலிருந்து எழும்பினார். “சரி அத்தான். வெண்டிற்றீங்க. எழும்புங்க.”

“ஒன்பது எண்டு சொன்னது ஒன்பது,” என்றார் கனகசிங்கம்.

சுலோஜனா சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்பா, நடுவில எத்தன தரம் எழும்பின நீங்க?”

“எழும்பல்ல.”

“ஒருக்காலும்?”

“அதுதானே பந்தயம்,” என்றார் விஜிதரன்.

“அம்மா, காலைக் காட்டுங்க.”

இலட்சுமிப்பிள்ளை குனிந்து முன் ஆசனத்தின் அடியில் போனைப் பிடித்தார்.

“பெருவிரலால முன்காலை அமத்துங்க. நல்லா. இப்ப எடுங்க.”

விரல் பட்ட இடம் குழியாக நின்றது. நிரம்பவில்லை. மூவரும் அதைப் பார்த்தார்கள். சுலோஜனாவும் அங்கிருந்து பார்த்தாள்.

“தண்ணி குடிச்சீங்களா?”

“இல்ல,” என்றார் இலட்சுமிப்பிள்ளை.

“டொக்டர் என்ன சொன்னவரு அப்பா?”

“போகலாமெண்டு சொன்னவரு.”

“வேற?”

கனகசிங்கம் சுவரைப் பார்த்தார்.

“அப்பா.”

“மணிக்கொருக்கா எழும்பி நடந்தா போகலாமாம். நடக்காட்டிப் போக வேணாமாம்.”

முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறியது. இலட்சுமிப்பிள்ளை போனைக் கீழே இறக்கிவிட்டார். சுலோஜனாவுக்கு இப்போது மண் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால் குரல் கேட்டது.

“நான் வேலை செய்யிற இடத்தில ஒவ்வொரு நாளும் இந்தக் கால்களைத்தான் பாக்கிறன். கலியாணத்துக்கு வந்து இறங்கின கையோட உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்னால ஏலா. நீங்க வர வேணாம். நாளைக்கு மாமாட பேரில போடுறன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

விஜிதரன் கிட்டே வந்து கையை நீட்டினார். கனகசிங்கம் அதைப் பிடிக்கவில்லை. தானாக எழும்பப் பார்த்தார். கால் வரவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு இருவருமாகத் தூக்கி எடுத்தார்கள். அவர் சுவரில் சாய்ந்து நின்று இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்,” என்றார் இலட்சுமிப்பிள்ளை.

“சொன்னா மட்டும்?”

“எழும்பி நடக்கிறது அவ்வளவு பாடா?”

“சுவரோரம் போட்டா ரெண்டு பேரை எழுப்பணும். தெரியாத ஆக்களை. மணிக்கொருக்கா. இந்தக் காலை இழுத்து வெளிய எடுக்கும்வரை அவங்க நிண்டு பாத்துற்று நிக்கணும். அதை விட எழும்பாமக் குந்தலாம்.”

“பஸ்ஸில என்ன செய்யிறீங்க?”

“இடம் இல்லாட்டி நிண்டுற்று வருவன்.”

“ஒருத்தரும் எழும்பி இடம் தரமாட்டாங்களா?”

“கேட்டாத்தானே.”

முப்பத்தைந்து வருடம் கணவர் யாரிடமும் கேட்டதில்லை என்பது இலட்சுமிப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு குறையாக அவர் நினைத்ததில்லை. இப்போது கணவனின் முகத்தைப் பார்த்தார்.

“மெல்பேர்னுக்கு நிண்டுற்றுப் போக ஏலா,” என்றார்.

கனகசிங்கம் முற்றத்தைச் சுற்றி நடந்தார். கிணற்றடிவரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். விஜிதரன் சைக்கிளை எடுக்கும்போது கூப்பிட்டார்.

“நாளைக்குக் கடை?”

“ஞாயிறு பூட்டு.”

“விடிய வா. பதியுதீனையும் வரச் சொல்லு.”

“என்னத்துக்கு?”

“பக்கத்தில குந்த.”

விஜிதரன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். “அத்தான், நாளைக்கு டிக்கெட் எனக்குப் போடப் போறா. நான் வந்து குந்தினா எனக்குத்தானே நட்டம்?”

“ஓம்.”

“மறுகா நான் ஏன் வரணும்?”

“வர மாட்டியா?”

விஜிதரன் சைக்கிளில் ஏறிப் போனார்.

ஞாயிறு காலை நான்கரைக்கு விஜிதரன் வந்தார். பதியுதீன் சுபஹ் தொழுதுவிட்டு வந்து சேர்ந்தார். கனகசிங்கம் சுவரோரம் அமர்ந்தார். நடுவில் விஜிதரன். கரையில் பதியுதீன். மூன்று பேர் அமர்ந்ததும் ஆசனம் சிறியதாகிவிட்டது. தோளோடு தோள் உரசியது. காலடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல்.

“நாங்க யாரு?” என்று கேட்டார் பதியுதீன்.

“எனக்குத் தெரியாத ஆக்கள்.”

“விளங்கிச்சு.”

இலட்சுமிப்பிள்ளை அடுப்படி வாசலில் போனோடு நின்றார். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது கனகசிங்கத்தின் சொல்.

ஆறு மணி ஆனது. கனகசிங்கம் அசையவில்லை. விஜிதரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதியுதீன் கண்ணை மூடியிருந்தார். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது.

“ஆறே கால்,” என்றார் இலட்சுமிப்பிள்ளை.

கனகசிங்கம் தொண்டையைச் செருமினார். “விஜி.”

“விஜி ஆரு?” என்றார் விஜிதரன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் வெள்ளக்காரன். இங்கிலீசில கேளுங்க.”

“எக்ஸ்கியூஸ் மீ.”

“எனக்குக் கேக்கல்ல,” என்றார் பதியுதீன் கண்ணைத் திறக்காமல். “நான் கரையில இரிக்கன்.”

“எக்ஸ்கியூஸ் மீ!”

வேலிக்கு அப்பால் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். இருவரும் எழும்பி வெளியே நின்றார்கள்.

கனகசிங்கம் முன் ஆசனத்தைப் பிடித்து நேராக எழும்பப் பார்த்தார். முன் ஆசனத்தின் விளிம்பு கணைக்காலில் தட்டியது. எழும்ப எழும்பக் கால் இன்னும் உள்ளே போனது. கையை விட்டார். பக்கவாட்டில் சரிந்து இரண்டு ஆசனங்களின் மேலும் விழுந்தார். முகம் ஆசனத்தில் பதிந்தது. பழைய வானின் டீசல் மணம் வந்தது.

மூவரும் நின்று பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. தொடக் கூடாது என்று முதலே சொல்லியிருந்தார்.

“இதையும் அனுப்பவா?” என்று கேட்டார் இலட்சுமிப்பிள்ளை.

“அனுப்பு.”

அப்படி விழுந்து கிடந்தபோதுதான் கால் ஆசனத்தின் அடியிலிருந்து தானாக வெளியே வந்திருப்பதைக் கண்டார். நேராக எழும்பினால் அது உள்ளே போகிறது. சரிந்தால் வெளியே வருகிறது. கையை ஊன்றி இடுப்பை அடுத்த ஆசனத்துக்கு நகர்த்தினார். பிறகு கரை ஆசனத்துக்கு. கால் அவருக்கு முன்னால் வெளியே நீண்டது. குதிகாலை மண்ணில் ஊன்றினார். எழும்பினார். கிணற்றடிவரை நடந்து திரும்பினார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

ஏழு மணிக்கு மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை விழவில்லை, வேண்டுமென்றே சரிந்தார். கால் முதலில் வந்தது, பிறகு ஆள். எட்டு மணிக்கு விஜிதரன் மடியில் புட்டுத் தட்டோடு இருந்தார். “நான் சாப்பிடுறன், தெரியல்லியா?” என்றார் முகத்தைச் சுளித்து. கனகசிங்கம் தட்டு முடியும்வரை பொறுத்தார்.

“அப்பிடிப் பொறுக்கக் கூடா அண்ணன்,” என்றார் பதியுதீன். “அவன் தின்னத் தொடங்கினா ஒரு மணித்தியாலம் தின்பான்.”

ஒன்பது மணிக்கு விஜிதரன் மறுபடியும் தட்டோடு இருந்தார்; கனகசிங்கம் அவரைத் தட்டோடே எழும்ப வைத்தார். விஜிதரனுக்கு அது பிடித்திருந்தது. பத்து மணிக்கு அவர் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்து குறட்டை விட்டார்.

“எக்ஸ்கியூஸ் மீ.”

குறட்டை.

தோளைத் தொட்டார். அசைத்தார். குறட்டை கூடியது. பதியுதீன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார். கனகசிங்கம் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். பொறுத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை. அது இலகுவாக இருந்தது. அந்த இலகு அவரைத் திடுக்கிட வைத்தது.

விஜிதரனின் சட்டைக் கொலரைப் பிடித்தார்.

“எழும்பு,” என்றார். “நான் என்ட மகள்ட கலியாணத்துக்குப் போறன். நீ மறுகா நித்திரை கொள்ளு. எழும்பு.”

தமிழில்தான் சொன்னார். விஜிதரன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். கொலரைப் பிடித்த கை விடவில்லை. விஜிதரன் எழும்பி வெளியே வந்து நின்றார். கனகசிங்கம் சரிந்து, நகர்ந்து, இறங்கிக் கிணற்றடிக்குப் போனார்.

“வெள்ளக்காரனெண்டா பொலிசுக்குச் சொல்லியிருப்பான்,” என்றார் பதியுதீன்.

விஜிதரன் சிரிக்கவில்லை. அத்தான் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒன்றும் நடிக்கவில்லை. கேட்டதும் எழும்பினார். ஒரு தடவை கேட்பதற்கு முன்பே எழும்பப் போனார். “கேக்கிறதுக்கு முதல் எழும்பாத,” என்று கனகசிங்கம் அவரை இருத்தினார்.

பதியுதீன் லுஹருக்குப் போய் வந்தார். வெயில் வந்தது. சாரம் கட்டினார்கள். இடுப்பு நேற்றுப்போலவே பேசியது. கால் தடியாகவில்லை. நொந்துகொண்டே இருந்தது. கனகசிங்கம் நோவை விட்டுவைத்தார்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு சுலோஜனா போன் எடுத்தாள். வேலை உடுப்பை இன்னும் மாற்றவில்லை. முகம் களைத்திருந்தது.

“அம்மா அனுப்பினதெல்லாம் பாத்தன் அப்பா. விழுந்ததையும்.”

“விழல்ல. சரிஞ்சன்.”

“முதல் தரம் விழுந்தீங்க.”

“ஓம். முதல் தரம்.”

“காலைக் காட்டுங்க.”

இலட்சுமிப்பிள்ளை சொல்லாமலே முன்காலை அமுக்கி விரலை எடுத்தார். குழி விழுந்தது. மெல்ல நிரம்பியது. நேற்றைய வீக்கம் முழுதாக வற்றவில்லை. சுலோஜனா நீண்ட நேரம் பார்த்தாள்.

“அது உங்கட மச்சான். அவரிட்டக் கேக்கலாம். விமானத்தில நிசமாத் தெரியாத ஆக்கள் இருப்பாங்க. அவங்களிட்டயும் கேப்பீங்களா, வெட்கப்படாம?”

கனகசிங்கம் யோசித்தார்.

“வெட்கப்பட்டுற்றுக் கேப்பன்,” என்றார்.

திரையில் அவள் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள்.

“ஒவ்வொரு மணிக்கும்?”

“ஓம்.”

“வீக்கத்துக்குக் காலில போடுற இறுக்கமான மேசு ஒண்டு இரிக்கு. கிளம்புறதுக்கு முதல் டொக்டரிட்டப் போய் அதை வாங்கணும். இந்த முறை அம்மாவும் உள்ள வருவா. அவர் சொல்றதை அம்மா கேப்பா.”

“கேக்கட்டும்.”

“மாமா,” என்றாள் சுலோஜனா.

விஜிதரன் திரைக்குள் முகத்தை நீட்டினார். “தெரியும் புள்ள. அத்தான்ட பேரில போடு.”

“கோபமா?”

“நான் உனக்கு ஒரே மாமன். கோபம் இல்லாம?” மூக்கைத் தேய்த்தார். “காத்தான்குடியில தடிப்பா ஒரு ஜக்கெட் வாங்கி வச்சிருக்கன். அதை அத்தானிட்டக் குடுத்து விடுறன். குளிருக்குப் போடட்டும்.”

“தையில இஞ்ச நாப்பது பாகை வெயில் மாமா.”

பதியுதீன் வெடித்துச் சிரித்தார். விஜிதரனும் கடைசியில் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு சற்று நேரம் முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுலோஜனா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். “கரை ஆசனம் ஒண்டு கிடைக்குது. அப்பாக்கு அதைப் போடுறன். அம்மா உள்பக்கம்.”

“அப்ப அவர் ஒருத்தரையும் எழுப்பத் தேவையில்லியா?” என்று கேட்டார் விஜிதரன். “நான் ரெண்டு நாளாப் பட்ட பாடு?”

“கடைசி நேரம் மாத்தினாலும் மாத்துவாங்க மாமா. பழகினது பழகினதுதான்.” தட்டும் சத்தம் நின்றது. “போட்டாச்சு.”

கனகசிங்கம் இரண்டு கைகளையும் முன் ஆசனத்தின் மேல் வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.

இலட்சுமிப்பிள்ளை போனைத் தம்பியின் கையில் கொடுத்தார். கையைச் சேலையில் துடைத்தார். ஆசன வரிசைக்கு வந்து நின்றார்.

“வெளிய வாங்க,” என்றார் கணவரிடம்.

“என்னத்துக்கு?”

“உங்கட இடம் கரையில. சுவரோரம் என்ட இடம்.”

கனகசிங்கம் சரிந்து, நகர்ந்து, வெளியே வந்தார். இலட்சுமிப்பிள்ளை உள்ளே போய் அமர்ந்தார். இரண்டு நாளில் அதில் அவர் அமர்வது அதுதான் முதல் தடவை. முழங்கால் முன் ஆசனத்தில் முட்டியது. சேலையை ஒதுக்கினார். முதுகைச் சாய்த்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. நிமிர்ந்து இருந்தார்.

“அம்மா, என்ன செய்யிறீங்க?” என்றாள் சுலோஜனா போனிலிருந்து.

“பத்தரை மணித்தியாலம் குந்துவியா எண்டு என்னை ஒருத்தரும் கேக்கல்ல,” என்றார் இலட்சுமிப்பிள்ளை. “நெல்லுக் குத்தி, விறகு சுமந்த முதுகு இது. ஒரு மணித்தியாலம் இதைச் சாய்ச்சு வச்சு எனக்குப் பழக்கமில்ல.”

விஜிதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதியுதீன் அவருடைய கையைப் பிடித்தார்.

கனகசிங்கம் கரை ஆசனத்தில் அமர்ந்தார். இடது கால் வெளியே முற்றத்துக்குள் நீண்டிருந்தது. மனைவியைப் பார்த்தார். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பது கனகசிங்கத்துக்குத் தெரியும்.

“எழும்புங்க,” என்றார் இலட்சுமிப்பிள்ளை. “நான் வெளிய போகணும்.”

“இப்பதானே குந்தின.”

“எழும்புங்க.”

கனகசிங்கம் முன் ஆசனத்தைப் பிடித்து எழும்பினார்.